பார்த்தால் போதுமா, போட்டும் பார்க்க வேண்டுமா?
இணையத்தில் கணிதம் கற்பது பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன், இணையத்தில் கணிதக் காணொளிகளை மணிக்கணக்கில் பார்க்கிறான். கேட்டால் எல்லாம் புரிந்துவிட்டது என்கிறான். தேர்வில் அதே வகைக் கணக்கு வந்தால் முதல் வரிக்கு மேல் பேனா நகர்வதில்லை. இதைவிட நல்ல தளம் எது என்று சொல்ல முடியுமா?
– ஒரு தாய்

பதில்: தளத்தை மாற்றுவதால் இது தீராது. ஒருவர் கணக்குப் போடுவதை அருகிலிருந்து பார்க்கும்போது, ஒவ்வொரு வரியும் அடுத்த வரிக்குத் தானாகவே இறங்கி வருவதுபோலத் தோன்றும். எந்த இடத்தில் எந்த வழியில் திரும்புவது என்று முடிவெடுக்கும் வேலையைக் காணொளியில் இருக்கும் ஆசிரியரே செய்துவிடுவதால், பார்ப்பவருக்கு அந்த வேலை இருப்பதே தெரிவதில்லை. தேர்வு அறையில் அது முழுவதும் மாணவன் தலையில் வந்து விழுகிறது. உங்கள் மகன் பொய் சொல்லவில்லை; அவனுக்குப் புரிந்தது உண்மைதான், ஆனால் புரிந்தது இன்னொருவர் போட்ட கணக்கு.

அவன் பார்க்கும் காணொளிகளையே தொடர்ந்து பார்க்கட்டும். கணக்கு திரையில் எழுதப்பட்டவுடன் காணொளியை நிறுத்திவிட்டு, பத்து நிமிடம் தாளில் தானே முயன்ற பிறகே மேலே ஓடவிட வேண்டும் என்று மட்டும் ஒரு நிபந்தனை வையுங்கள். முயற்சி தவறாகப் போனாலும் நல்லதுதான். எந்த வரியில் வழி தவறியது என்று தேடும் கண்ணோடு பார்க்கும் காணொளிக்கும், சும்மா பார்க்கும் காணொளிக்கும் நிறைய வேறுபாடு உண்டு.

பயிற்சிக்குக் கான் அகாடமியைப் பயன்படுத்தலாம். 2004-இல் உறவினர் சிறுமி ஒருத்திக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய சல்மான் கான், 2008-இல் அதை இலாப நோக்கற்ற அமைப்பாக நிறுவினார். இலவசமாகக் கிடைக்கும் அந்தத் தளத்தின் புகழுக்குக் காணொளிகள் காரணமாக இருக்கலாம். என் கணிப்பில் அதன் உண்மையான பலம் பயிற்சிக் கணக்குகள்தான். அங்கே ஒன்பதாம் வகுப்பில் தொடங்காமல் ஏழாம் வகுப்பிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். இயற்கணிதத்தில் தடுமாறும் பிள்ளைகளில் பலருக்கு உண்மையான ஓட்டை பின்னங்களிலோ குறை எண்களிலோ இருக்கிறது. இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தினால் அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை கிடைக்கும் என்று எழுதும் பிள்ளையிடம், 3-ஐயும் 4-ஐயும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 49, மறு பக்கம் 25. இப்படித் தன் விடையைத் தானே சோதிக்கும் பழக்கத்தை எந்தத் தளமும் தானாகக் கொடுத்துவிடாது.

கேள்வி: பணி ஓய்வு பெற்றவன் நான். பள்ளிக்குப் பிறகு கணிதத்தைத் தொடவே இல்லை. தேர்வு, மதிப்பெண் என்ற எந்தக் கவலையும் இல்லாமல் வெறும் சுவைக்காகப் படிக்க இணையத்தில் என்ன இருக்கிறது?
– ஒரு மூத்த வாசகர்

பதில்: உங்களைப் பார்த்தால் எனக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தின் பெயரைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு வட்டம் வரைந்து, அதன் பரிதியில் இரண்டு புள்ளிகள் வைத்து அவற்றை நேர்கோட்டால் இணைத்தால் வட்டம் இரண்டு பகுதிகளாகும். மூன்று புள்ளிகள் வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்தால் நான்கு பகுதிகள்; நான்கு புள்ளிகளுக்கு எட்டு; ஐந்துக்குப் பதினாறு. ஆறு புள்ளிகளுக்கு எத்தனை? யாராக இருந்தாலும் 32 என்றுதான் சொல்லுவோம். மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்காதபடி கவனமாக வரைந்து எண்ணிப் பாருங்கள்: 31-தான் வரும். எண்ணியதில் பிழையோ என்று மறுபடி எண்ணினாலும் 31-தான்.

இப்போது, முழுஎண் தொடர்களின் இணையக் கலைக்களஞ்சியத்துக்குப் போங்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஓ.இ.ஐ.எஸ். என்பார்கள். தேடும் பெட்டியில் 1, 2, 4, 8, 16 என்று மட்டும் கொடுத்தால், இரண்டின் அடுக்குகள் முதலாக அப்படித் தொடங்கும் பல தொடர்களை அது காட்டும். கூடவே 31-ஐயும் சேர்த்துக் கொடுத்தால் நீங்கள் வரைந்த வட்டம் ஏ000127 என்ற எண்ணோடு வந்து நிற்கும். அடுத்த எண்கள் 57, 99, 163, 256. பத்துப் புள்ளிகளுக்கு மீண்டும் இரண்டின் அடுக்கு ஒன்று தலைகாட்டுவதைக் கவனியுங்கள்.

காரணமும் எளிதுதான். வெறும் வட்டம் ஒரு பகுதி. வரையும் ஒவ்வொரு கோடும் ஒரு பகுதியைக் கூட்டுகிறது. இரண்டு கோடுகள் உள்ளே வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு இடமும் இன்னொன்றைக் கூட்டுகிறது. இரண்டு புள்ளிகளுக்கு ஒரு கோடு, நான்கு புள்ளிகளுக்கு ஒரு வெட்டுமிடம். ஆறு புள்ளிகளிலிருந்து இரண்டிரண்டாக 15 வகையிலும், நான்கு நான்காகவும் 15 வகையிலும் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், 15-உம் 15-உம் 1-உம் சேர்ந்து 31.

இந்தக் களஞ்சியத்தை நீல் ஸ்லோன் என்பவர் 1964-இல், கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தபோது, தன் வேலைக்குத் தேவைப்பட்ட தொடர்களை அட்டைகளில் குறித்துவைப்பதில் தொடங்கினார். 1973-இல் அது புத்தகமாயிற்று. 1996-இல் இணையத்துக்கு வந்தது. இன்று மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்கள் அதில் உள்ளன. ஒரு தொடரை இசைக் குறிப்புகளாக மாற்றிக் கேட்கும் வசதிகூட உண்டு. (கேட்பதற்கு எல்லாம் இனிமையாக இருக்கும் என்று உறுதி தர மாட்டேன்.)

மனிதர்களின் கதை பிடிக்குமானால், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் மாக்டியூட்டர் என்ற கணித வரலாற்றுத் தளத்தில் ஆயிரக்கணக்கான கணிதவியலாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் இருக்கின்றன. யூடியூபில் நம்பர்ஃபைல் 2011-இலிருந்து வந்துகொண்டிருக்கிறது. கணிதவியலாளர்கள் பழுப்பு நிறத் தாளில் பேனாவால் எழுதிப் பேசுவதைப் பார்ப்பதே ஒரு தனி இன்பம்.

கேள்வி: கணக்கைப் படம் எடுத்து அனுப்பினால் செயற்கை நுண்ணறிவு வரிவரியாக விடை தருகிறது. பிறகு நான் ஏன் மெனக்கெட வேண்டும்?
– கல்லூரி மாணவர்

பதில்: விடை மட்டும் வேண்டுமென்றால் மெனக்கெட வேண்டாம். 2009 முதல் இயங்கும் உல்ஃப்ராம் ஆல்ஃபா போன்ற கணிப்புப் பொறிகள் அந்த வேலையைச் செம்மையாகச் செய்கின்றன. நீண்ட தொகையிடலைச் சரிபார்க்க நானும் அதைத்தான் நாடுகிறேன். உரையாடும் செயலிகளின் நிலை வேறு. சரியான விடையையும் தவறான விடையையும் அவை ஒரே தெளிவோடு சொல்லக்கூடும். எனவே ஒவ்வொரு வரியையும் சந்தேகித்துப் படிக்கத் தெரிந்தவருக்கே அவை பயன்படும்.

ஒரு எண்ணின் வர்க்கம் அதன் ஐந்து மடங்குக்குச் சமம். அந்த எண் எது? இரண்டு பக்கங்களையும் அந்த எண்ணால் வகுத்து 5 என்று யாராவது எழுதித் தந்தால், அது மனிதரோ இயந்திரமோ, எந்த வரியில் 0 என்ற இன்னொரு விடை காணாமல் போயிற்று என்று உங்களால் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா? முடிந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: வடிவியலைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் மாணவர்கள் கொட்டாவி விடுகிறார்கள். வகுப்பில் பயன்படுத்த ஏதேனும் மென்பொருள் உண்டா?
– ஓர் ஆசிரியை

பதில்: ஜியோஜீப்ரா உண்டு. மார்க்கஸ் ஹோகன்வார்டர் 2001-இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தம் முதுநிலை ஆய்வேட்டுக்காக உருவாக்கத் தொடங்கியது. வகுப்புப் பயன்பாட்டுக்கு இலவசம். கரும்பலகைப் படம் ஒரு நாற்கரத்தைக் காட்டும். இங்கே வரையும் படத்தை இழுத்து இழுத்து எல்லா நாற்கரங்களையும் காட்டலாம்.

மாணவர்களை ஏதேனும் ஒரு கோணல்மாணலான நாற்கரத்தை வரையச் சொல்லுங்கள். நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் வரிசையாக இணைத்தால் உள்ளே ஓர் இணைகரம் வரும். ஒரு முனையைப் பிடித்து இழுக்கட்டும். வெளி உருவம் எப்படி நெளிந்தாலும் உள்ளே இருப்பது இணைகரமாகவே இருக்கும். முனையை உள்நோக்கித் தள்ளி நாற்கரம் குழிந்தாலும், பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டாலும் மாறாது. வகுப்பில் யாராவது ஒருவர் “ஏன்?” என்று கேட்கும்வரை வாய் திறக்காதீர்கள். கேட்ட பிறகு ஒரு மூலைவிட்டத்தை மட்டும் வரைந்து காட்டுங்கள். அதன் இருபுறமும் உள்ள முக்கோணங்களில் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடுகள் இரண்டும் அந்த மூலைவிட்டத்துக்கு இணை, நீளத்தில் அதில் பாதி. மீதியை அவர்களே முடித்துவிடுவார்கள்.

வரைபடங்களுக்கு டெஸ்மோஸ் இன்னும் எளிது. வகுப்பில் பேசி விவாதிக்கத்தக்க புதிர்களுக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் என்ரிச் தளத்தைப் பாருங்கள்.

கேள்வி: பொறியியல் முதலாண்டில் அணிகள் (மேட்ரிக்ஸ்) பாடம் வெறும் எண் அடுக்குகளாகத் தெரிகிறது. எங்கே தொடங்குவது?
– முதலாண்டு மாணவி

பதில்: கிராண்ட் சாண்டர்சன் நடத்தும் த்ரீ புளூ ஒன் பிரௌன் யூடியூப் தடத்தில், நேரியல் இயற்கணிதத்தின் சாரம் என்ற பொருளில் ஒரு தொடர் இருக்கிறது. அணி என்பது சமதளத்தையே நீட்டவும் திருப்பவும் சாய்க்கவும் செய்யும் ஒரு செயல் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், அணிப் பெருக்கலின் விதி ஏன் அத்தனை விசித்திரமாக இருக்கிறது என்பதும் விளங்கிவிடும். அதன் பிறகு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. இணையத்தில் இலவசமாகத் தரும் திறந்த பாடத் திட்டத்தில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய வகுப்புகள். அவற்றோடு உள்ள வீட்டுக் கணக்குகளையும் போட்டால்தான் பயன்.

நிரல் எழுதத் தெரியுமென்றால் பிராஜெக்ட் ஆய்லர் என்ற தளத்தையும் எட்டிப் பாருங்கள். 1000-க்குக் கீழ் 3 அல்லது 5-இன் மடங்குகளாக உள்ள எண்களின் கூட்டுத்தொகை என்ன என்பது அதன் முதல் கணக்கு. கணினியை ஓடவிட்டுக் கூட்டலாம். கணினியே இல்லாமல் மூன்று வரியிலும் முடிக்கலாம்.

கேள்வி: என்னைப் போன்ற சாதாரண ஆட்கள் கணிதத்துக்குப் புதிதாக ஏதேனும் செய்ய முடியுமா, அல்லது வேடிக்கை மட்டும்தானா?
– ஒரு வாசகர்

பதில்: முடியும். இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் மெர்சென் பகா எண்களைத் தேடும் கிம்ப்ஸ் என்ற கூட்டு முயற்சியில் 1996-இலிருந்து தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை ஓடவிட்டுப் பங்கெடுக்கிறார்கள். 2024-இல் அதன் வழியாகக் கிடைத்த பகா எண் 4,10,24,320 இலக்கங்கள் கொண்டது. ஆனால் அதில் உழைப்பது பெரும்பாலும் கணினிதான்.

எனக்குப் பிடித்த உதாரணம் டேவிட் ஸ்மித் என்ற ஓய்வு பெற்ற அச்சுத் தொழில்நுட்பர். ஒரே வடிவமுள்ள ஓடுகளைக் கொண்டு சமதளம் முழுவதையும் இடைவெளியின்றி, ஆனால் எங்கும் ஒரே அமைப்பு சீராகத் திரும்பத் திரும்ப வராதபடி பரப்ப முடியுமா என்பது பல பத்தாண்டுகளாக விடை காணாமல் இருந்த கேள்வி. 2022-இல் அவர் தொப்பி போன்ற 13 பக்க உருவம் ஒன்றைக் கணினித் திரையில் கண்டு சந்தேகப்பட்டு, ஒரு கணினியியல் பேராசிரியருக்கு எழுதினார். வேறு இருவரும் சேர்ந்துகொள்ள, நால்வரும் 2023 மார்ச்சில் நிறுவலை வெளியிட்டார்கள். பேராசிரியருக்கு எழுதுவதற்கு முன்பு ஸ்மித் செய்த சோதனை ஒன்று உண்டு: அந்த உருவத்தை அட்டையில் பல பிரதிகளாக வெட்டி, மேசையில் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்.