விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை என்ன செய்வது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனுக்கு 16 வயது, பைலட் ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். நீங்கள் மதுரை, உங்கள் கணவர் இங்கேயே அட்லாண்டாவில் பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு மகன் கறுப்பினப் பையன்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். படிப்பு, செலவு, உடல் தகுதி என்று பன்னிரண்டு கேள்விகள் கேட்டுவிட்டு, கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "விண்ணப்பத்தில் இனம் கேட்கும் கட்டத்தில் இந்தியன் என்று மட்டும் போட்டுவிட்டால் அவனுக்கு நல்லதா?"

அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று தெரிகிறது.

இதே கட்டத்தைக் காலியாக விட்ட ஒரு மனிதரின் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மார்லன் கிரீன் என்று பெயர். அமெரிக்க விமானப்படையில் பெரிய விமானங்களை ஓட்டிய அனுபவசாலி. 1957-இல் படையை விட்டு வந்து பல விமான நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போட்டார், ஒன்றும் நடக்கவில்லை. கான்டினென்டல் நிறுவனத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தில் இனத்தைக் கேட்கும் இடத்தை நிரப்பாமல் விட்டார், புகைப்படமும் ஒட்டவில்லை. டென்வருக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. விமானம் ஓட்டிக் காட்டினார், தேறினார். அவரைவிடக் குறைந்த மணி நேரம் பறந்திருந்த வெள்ளையர்களுக்கு வேலை கிடைத்தது. அவருக்குக் கிடைக்கவில்லை. கொலராடோ மாநிலத்தின் பாகுபாடு எதிர்ப்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தார். வருடக் கணக்கில் இழுத்த வழக்கு அது. 1963 ஏப்ரல் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1965-இல் அதே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து 1978 வரை ஓட்டினார். அவர் இறந்த மறு ஆண்டு, 2010-இல், அந்த நிறுவனம் தன் போயிங் 737 ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தது.

இன்னொருவர் டேவிட் ஹாரிஸ். இவரும் விமானப்படைக்காரர், பி-52 என்ற குண்டுவீச்சு விமானத்தை ஓட்டியவர். வெளிர் நிறம், பச்சைக் கண். வெள்ளைக்காரர் என்றே யாரும் நினைத்துவிடலாம். 1964-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நேர்காணலுக்குப் போனபோது, தான் கறுப்பினத்தவர் என்பதை அவரே வாய்விட்டுச் சொன்னார். பேட்டி எடுத்தவர், நிறம் எங்களுக்குப் பொருட்டல்ல, விமானம் ஓட்டத் தெரியுமா என்பதுதான் கேள்வி என்றார். வேலை கிடைத்தது. முப்பது ஆண்டு ஓட்டி 1994-இல் ஓய்வு பெற்றார்.

கிரீன் கட்டத்தைக் காலியாக விட்டது பயந்து அல்ல. என் திறமையைப் பார்த்துவிட்டு அப்புறம் என் முகத்தைப் பாருங்கள் என்று சொல்லத்தான் விட்டார். மறைக்க நினைத்திருந்தால் நீதிமன்றத்துக்குப் போயிருப்பாரா?

இன்றைய நடைமுறை என்னவென்றால், வேலை விண்ணப்பங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது விருப்பம்தான். ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களைக் குறிக்கலாம், சொல்ல விரும்பவில்லை என்றும் போடலாம். உங்கள் மகன் இரண்டையும் குறிக்கலாம். அவனுக்கு இரண்டுமே உண்மை. ஆனால் பேனா அவன் கையில் இருக்கட்டும். "இந்தியன் என்று மட்டும் போடு" என்று அம்மா சொன்னால், அப்பாவின் பக்கத்தை அழித்துவிடு என்றுதான் 16 வயதுப் பையனின் காதில் விழும். நீங்கள் அப்படி நினைத்து எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

சரி, உங்கள் பயத்தில் உண்மையே இல்லையா? இருக்கிறது. அமெரிக்காவில் விமானிகளை வரிசையாக நிறுத்தினால் நூற்றுக்கு நான்கு பேர்கூடக் கறுப்பினத்தவராக இருப்பது அபூர்வம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்ற ஊரில் மட்டும் ஆயிரத்தை ஒட்டிய கறுப்பின விமானிகள் பயிற்சி பெற்றார்கள். போர் முடிந்ததும் வெள்ளை விமானிகள் பலர் விமான நிறுவனங்களில் சேர்ந்தார்கள், இவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. ஹாரிஸ் நுழைந்தது 1964-இல் என்றால், நடுவில் ஒரு தலைமுறையே போய்விட்டது. இந்தத் தொழில் அப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று பார்த்துப் பார்த்துத் தொற்றுகிற தொழில். எந்தப் பள்ளியில் சேர்வது, எப்போது மருத்துவச் சான்றிதழ் வாங்குவது, எதில் பணம் வீணாகும் என்பதெல்லாம் சாப்பாட்டு மேசையில் பேசித் தெரிந்துகொள்வது. உங்கள் மகன் வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. நான் பார்த்தவரையில் கறுப்பினப் பிள்ளைகள் பாதியில் விடுவதற்கு நேர்காணல் அறை காரணமாக இருப்பது குறைவு. பணமும், வழிகாட்ட ஆள் இல்லாததும்தான் பெரும்பாலும் கீழே இழுக்கின்றன. அதனால் இந்த இரண்டிலும்தான் நீங்கள் கவனம் வைக்க வேண்டும்.

முதலில் மருத்துவம். ஒரு டாலர்கூடப் பயிற்சிப் பள்ளியில் கட்டுவதற்கு முன்னால் இதை முடியுங்கள். விமான நிறுவனத்தில் கேப்டனாகப் பறக்க முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அதை எஃப்.ஏ.ஏ. என்ற அமெரிக்க அரசின் விமானத் துறை அமைப்பு அங்கீகரித்த மருத்துவர்தான் தர முடியும். கண்ணாடி போட்டிருந்தால் பரவாயில்லை. நிறங்களைப் பிரித்தறியும் சோதனை உண்டு. சின்ன வயதில் கவனக்குறைவுக் கோளாறுக்கு (ADHD) மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ, மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்திருந்தாலோ, நேரடியாக விண்ணப்பத்தை நிரப்பிவிடாதீர்கள். முதலில் அந்த மருத்துவரிடம் ஆலோசனைக்கு மட்டும் நேரம் வாங்கிப் பேசுங்கள். ஒருமுறை மறுப்பு பதிவாகிவிட்டால் அதைச் சரிசெய்ய மாதக் கணக்கில் அலைய வேண்டியிருக்கும். எதையும் மறைத்து எழுதவும் கூடாது.

உங்கள் கணவர் குடும்பத்தில் சிக்கிள் செல் என்ற பரம்பரை இரத்த நோய் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். மகனுக்கு நோய் இல்லை, மரபணுக் கூறு மட்டும் இருக்கிறது என்றால், எஃப்.ஏ.ஏ. அதைத் தடையாகப் பார்ப்பதில்லை. ராணுவத்தில் ஒரு காலத்தில் அப்படிப் பார்த்தார்கள். விமானப்படை அகாடமி அந்தக் கூறு உள்ளவர்களை 1981 வரை சேர்க்காமல் இருந்தது. வழக்கு வந்த பிறகுதான் கைவிட்டார்கள். உங்கள் மாமியார் அந்தப் பழைய செய்தியைக் கேட்டுத்தான் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் விமானிகள் தாடி வைக்க அனுமதி இல்லை. ஆக்சிஜன் முகமூடி முகத்தோடு பொருந்த வேண்டும் என்பது காரணம். சுருள் முடி உள்ளவர்கள் ஒட்டச் சவரம் செய்தால் முடி உள்நோக்கி வளர்ந்து கழுத்தெல்லாம் கொப்புளமாகும். கறுப்பின ஆண்களுக்கு இது மிகச் சாதாரணம். உங்கள் மகன் இப்போதுதான் சவரம் செய்யத் தொடங்கியிருப்பான். பிளேடை வாங்கிக் கொடுக்காமல் நல்ல டிரிம்மராகக் கொடுங்கள், தேவைப்பட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள். இதில் அவன் அப்பாவுக்குத் தெரிந்தது உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

அடுத்தது பணம். சின்ன விமானத்தின் முகப்பில் ஹாப்ஸ் மீட்டர் என்று ஒரு சிறிய பெட்டி இருக்கும். பழைய கார்களின் கிலோமீட்டர் காட்டி மாதிரி எண்கள் உருளும். ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை கடைசி எண் ஒன்று நகரும். அதைப் பார்த்துத்தான் பில் போடுவார்கள். விமானம் தரையில் வரிசையில் காத்துக்கொண்டிருந்தாலும் எஞ்சின் ஓடினால் எண் நகரும். செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானமும் பயிற்றுநரும் சேர்ந்து மணிக்கு 200 டாலருக்கு மேல் ஆகிவிடும். தனிநபர் உரிமத்துக்குச் சட்டப்படி 40 மணி நேரம் போதும். நடைமுறையில் பெரும்பாலானவர்களுக்கு 60, 70 ஆகிறது. வாரம் ஒருமுறை பறந்தால் போன வாரம் கற்றதை மறந்து, அதையே மறுபடி பணம் கொடுத்துக் கற்க வேண்டிவரும். அதனால் ஒரு உரிமத்துக்கான பணம் முழுவதும் கைக்கு வந்தபின் தொடங்கி, வாரத்தில் மூன்று நாள் பறந்து முடிப்பதுதான் சிக்கனம். எழுத்துத் தேர்வை வீட்டிலிருந்தே படித்து முன்கூட்டியே எழுதிவிடலாம்.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே எந்தப் பள்ளியிலும் கட்டாதீர்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பம் தள்ளுபடி கிடைக்கிறது என்று மொத்தமாகக் கட்டியது. நான்கு மாதத்தில் பள்ளி மூடிவிட்டது. அந்தப் பையனின் பறப்புப் பதிவேட்டில் 31 மணி நேரம் இருந்தது. அந்தப் பதிவேட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு அவன் அம்மா பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பறக்கப் பறக்கக் கட்டுங்கள்.

பாதை இப்படி: 16 வயதில் தனியாகப் பறக்கலாம், 17-இல் தனிநபர் உரிமம், பிறகு கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி, 18-க்கு மேல் வணிக உரிமம், அதன்பின் பயிற்றுநர் தகுதி. இதுவரைக்கும் ஒரு லட்சம் டாலரை ஒட்டி ஆகும். விமான நிறுவனத்தில் துணை விமானியாக உட்கார 1,500 மணி நேரமும் 21 வயதும் வேண்டும், கேப்டனாக 23 வயது ஆக வேண்டும். 1,500 மணி நேரம் என்பது 2009-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ அருகே நடந்த விமான விபத்துக்குப் பிறகு வந்த விதி. அங்கீகாரம் பெற்ற விமானவியல் பட்டப்படிப்பு முடித்தால் துணை விமானியாக 1,000 மணி நேரம் போதும். அந்த மணி நேரத்தைப் பெரும்பாலும் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தே சேர்ப்பார்கள். அந்த இரண்டு வருடம் வருமானம் குறைவு, இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஜார்ஜியாவிலேயே ஈஸ்ட்மனில் மிடில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் விமானவியல் பள்ளி இருக்கிறது. உள்ளூர்க் கட்டணம் என்பது பெரிய ஆறுதல். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகங்களில் டெலவேர் மாநிலப் பல்கலைக்கழகமும் வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியும் விமானி ஆகும் படிப்பை நடத்துகின்றன. என்னைக் கேட்டால் டெலவேரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்வேன். வகுப்பில் தான் ஒருவன் மட்டும் வேறு என்ற நினைப்பு இல்லாமல் நான்கு வருடம் கற்பது அவனுக்குப் பெரிய பலம். விமானப்படை வழி இலவசம்தான், ஆனால் பயிற்சி முடிந்தபின் பத்து வருடம் பணியாற்ற வேண்டும். அதை அவனுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஆட்கள். 1976-இல் கறுப்பின விமானிகள் சேர்ந்து ஓபாப் என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று விமானத் துறையின் மற்ற வேலைகளில் இருப்பவர்களும் அதில் உண்டு. பள்ளி மாணவர்களுக்குக் கோடை முகாம் நடத்துகிறார்கள், உதவித்தொகை தருகிறார்கள். உங்கள் மகனை இந்த ஆண்டே அதில் சேர்த்துவிடுங்கள். இனத்தை வைத்துத் தரப்படும் உதவித்தொகைகள் பலவற்றின் விதிகள் 2025-க்குப் பிறகு மாறிவருகின்றன, அதனால் பழைய அறிவிப்பை நம்பாமல் நடப்பு ஆண்டு விதியைப் படித்துப் போடுங்கள்.

அங்கே ஒரு மூத்த கேப்டனைப் பிடித்து அவன் கேட்க வேண்டியதை நீங்கள் இல்லாதபோது கேட்கட்டும். சீருடையோடு நிற்கும்போதே பெட்டி தூக்கச் சொல்லும் பயணிகளைப் பற்றி அவர்கள் சொல்வார்கள். 2024 ஜனவரியில் நாடறிந்த அரசியல் பேச்சாளர் ஒருவர், விமானி கறுப்பர் என்றால் இவருக்குத் தகுதி இருக்க வேண்டுமே என்றுதான் தனக்குத் தோன்றும் என்று வெளிப்படையாகப் பேசினார். இப்படிப்பட்ட பேச்சு அவன் காதில் விழாமல் உங்களால் தடுக்க முடியாது. ஆனால் அதை அவன் வீட்டுக்கு வந்து சொல்ல முடிய வேண்டும். "அதையெல்லாம் கண்டுக்காதே" என்று நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த முறை சொல்ல மாட்டான். பறக்க வேண்டிய மணி நேர விதியும், தேர்வு நடத்துபவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் சோதனையும், வேலையில் சேர்ந்தபின் ஓய்வு பெறும்வரை சிமுலேட்டரில் வைத்து நடத்தும் பரீட்சையும் எல்லோருக்கும் ஒன்றே. இதை அவன் விவரமாகத் தெரிந்து வைத்திருந்தால் தலை நிமிர்ந்து பதில் சொல்வான்.

இந்தப் பேச்சு வந்தாலே உங்கள் கணவர் எழுந்து போய்விடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். விருப்பமில்லை என்று நீங்கள் முடிவு கட்டியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நாட்டில் கறுப்பின இளைஞனாக வளர்ந்தவர் அவர். உங்கள் பயம் அவருக்குள்ளும் இருக்கும், உங்களுடையதைவிடப் பழையதாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை மூவரும் டஸ்கீகிக்குப் போய் வாருங்கள். அட்லாண்டாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் சொச்சம். அந்த விமானிகள் முதன்முதலில் பறக்கக் கற்ற மோட்டன் ஃபீல்ட் என்ற விமானத் தளம் இப்போது தேசிய வரலாற்றுத் தலம். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஆல்ஃபிரட் ஆண்டர்சன், தனக்குக் கற்றுத்தர யாரும் முன்வராததால் கடன் வாங்கி ஒரு விமானத்தையே வாங்கியவர். 1941 மார்ச்சில் அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் டஸ்கீகிக்கு வந்து, அவர் ஓட்டிய விமானத்தில் ஏறிப் பறந்தார். அதையெல்லாம் அங்கே பார்க்கலாம்.

போகும்போது கணவர் ஓட்டட்டும், மகன் முன்னால் உட்காரட்டும். நீங்கள் பின் இருக்கையில் உட்கார்ந்து, பேச்சு எப்போது தொடங்கினாலும் குறுக்கே போகாமல் கேட்டுக்கொண்டு வாருங்கள்.