கடற்பாசியோடு உணவுக் கழிவைச் சேர்த்து பயோகேஸ் எடுத்தால், போட்ட ஆற்றலைவிடக் கூடுதலாகக் கிடைக்குமா?

கிடைக்கும், பாசியைக் காயவைக்காத வரை.

ஒரு டன் உணவுக் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர். அதைக் கழித்தால் செரிக்கக்கூடிய கரிமப் பொருள் சுமார் 225 கிலோ. கிலோவுக்கு 0.4 கனமீட்டர் மீத்தேன் வீதம் 90 கனமீட்டர், அதாவது ஏறக்குறைய 900 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம். ஒரு டன் ஈரப் பாசியில் கரிமப் பொருள் 100 கிலோ தேறினால் பெரிது. மீதி நீரும் உப்புச் சாம்பலும். கிலோவுக்கு 0.2 கனமீட்டர் வைத்தால் 200 யூனிட். (இனத்தையும் பருவத்தையும் பொறுத்து மாறும், தெரியும், சண்டைக்கு வராதீர்கள்.)

ஒரு டன்னை 20 டிகிரியிலிருந்து, நுண்ணுயிர்கள் அதைச் செரிக்கும் 37-க்குச் சூடாக்க 20 யூனிட். உணவுக் கழிவுக்கு அது ஒன்றுமே இல்லை, பாசிக்கோ வரவில் பத்தில் ஒரு பங்கு. 55 டிகிரியில் ஓட்டினால் ஐந்தில் ஒரு பங்கு. பாசியைக் காயவைக்க, ஒரு டன்னில் உள்ள 800 கிலோ நீரை எரிபொருள் வைத்து ஆவியாக்கினால் 500 யூனிட் காலி. திட்ட அறிக்கைகளில் "உலர் எடைக்கு இவ்வளவு வாயு" என்று பெருமையாகப் போடுகிறவர்கள், உலர்த்திய செலவை மட்டும் எந்தப் பக்கத்திலும் காட்டுவதில்லை.

பிறகு பாசி எதற்கு? உணவுக் கழிவை மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால் கோபால்ட், நிக்கல் போன்ற நுண்தாதுக்கள் குறைந்து, அமிலம் ஏறி, டைஜெஸ்டர் (கழிவைச் செரிக்கும் மூடிய தொட்டி) படுத்துவிடும். பாசி அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். ஆகவே அதைத் துணைத் தீவனமாக வையுங்கள்: கரிமப் பொருள் கணக்கில் 10 முதல் 20 சதவீதம். மொத்தத் தீவனம், டைஜெஸ்டர் கொள்ளளவில் கனமீட்டருக்கு நாளொன்றுக்கு 2 கிலோ கரிமப் பொருளில் தொடங்கலாம்.

பாசியை நல்ல தண்ணீரில் அலசி மணலை நீக்குங்கள். விட்டால் அடியில் படிந்து கொள்ளளவைத் தின்னும், பம்ப்பின் இம்பெல்லரையும் தேய்க்கும். ஒரு சென்டிமீட்டர் துண்டாக நறுக்காவிட்டால் கலக்கியின் தண்டில் கயிறாகச் சுற்றிக்கொள்ளும். உப்பு ஏறி, டைஜெஸ்டர் கரைசலில் சோடியம் லிட்டருக்கு 3.5 கிராமைத் தாண்டினால் நுண்ணுயிர்கள் திணறத் தொடங்கும். 8 கிராமில் பழக்கப்படாத கூட்டம் ஏறக்குறைய நின்றுவிடும்.

பச்சை நிறக் கடற்பாசியில் கந்தகம் அதிகம் என்பது இன்னொரு தொல்லை. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, பயோகேஸில் ஓடும் எஞ்சினை அரிப்பதோடு, கரைசலில் இருக்கும் சல்ஃபைடு, பாசி கொண்டுவந்த கோபால்ட்டையும் நிக்கலையும் வீழ்படிவாக்கி, நுண்ணுயிர்களுக்குக் கிடைக்காமல் செய்துவிடும். ஃபெரிக் குளோரைடை டைஜெஸ்டருக்குள்ளேயே சேர்த்தால் இரும்பு முந்திக்கொண்டு கந்தகத்தைப் பிடிக்கும். வாயுக் குழாயில் மட்டும் வடிகட்டி வைத்தால் எஞ்சின்தான் பிழைக்கும்.

அமிலத்துக்கும் காரத்தன்மைக்குமான விகிதத்தை வாரம் இருமுறை பாருங்கள். 0.4-ஐத் தாண்டினால் அன்றே தீவனத்தைப் பாதியாக்குங்கள். பிஎச் இறங்கட்டும் என்று காத்திருந்தால் அது இறங்கும்போது காரியம் கைமீறியிருக்கும்.