கேள்வி – பதில்: வழிந்து சிறுத்துப்போகும் எண்

கேள்வி: பி.டி.எஃப். கோப்பைத் திறந்தாலே கணினி பிறர் கைக்குப் போய்விடக்கூடும் என்கிறார்களே. அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் ‘முழு எண் வழிதல்’ என்பது என்ன?

பதில்: 32 பிட் (அதாவது 32 இரும இலக்க) இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் 4,29,49,67,295. அதைத் தாண்டினால், எண்ணிக்கை மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்கிவிடும்; இதுவே முழு எண் வழிதல். ஒரு கோப்பு, தன்னுள் இருக்கும் படத்தின் அகலம் 32,768 புள்ளிகள், உயரம் 32,769 வரிகள், புள்ளிக்கு 4 பைட் என்று அறிவிப்பதாக வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 429 கோடிக்கும் மேல் வரவேண்டும். 32 பிட் கணக்கில் மிஞ்சுவதோ 1,31,072 மட்டுமே, அதாவது சரியாக ஒரே ஒரு வரிக்கான இடம். அவ்வளவு சிறிய இடத்தை ஒதுக்கிவிட்டு, கோப்பு சொன்ன அத்தனை வரிகளையும் மென்பொருள் எழுத முற்படும்போது, அடுத்துள்ள நினைவகப் பகுதிகள் தாக்குபவர் தேர்ந்த தரவுகளால் மேலெழுதப்படுகின்றன; அவ்வழியே கணினி அவர் கைக்குப் போய்விடக்கூடும். (கோப்பின் பேச்சை அப்படியே நம்பியதுதான் முதல் பிழை என்பேன்.)

2021-இல் ஐபோன்களில் பெகாசஸ் உளவு மென்பொருளை நுழைக்கப் பயன்பட்ட தாக்குதலும், பி.டி.எஃப். கோப்பில் வரும் ஜேபிக்2 (JBIG2) என்னும் சுருக்க வடிவிலான படங்களைப் படிக்கும் நிரலில் இருந்த இத்தகைய வழிதலையே பயன்படுத்திக்கொண்டது. பயனர் எதையும் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் ஆப்பிள் அதைத் திருத்தியது.

பெருக்கிய பிறகு விடையைச் சோதிப்பதில் பயனில்லை. அதற்குள் அது சிறுத்துவிட்டிருக்கும். 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணை ஒரு வரியின் பைட் அளவால் முன்னதாகவே வகுத்துப் பார்த்து, கோப்பு கூறும் உயரம் அதைவிட மிகுந்தால் அக்கோப்பை நிரல் மறுத்துவிட வேண்டும்.