மூன்றாவது பித்தான் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அக்கா போன வருடம் தவறிவிட்டார். அம்மாவின் பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது அக்காவின் நீலப் பருத்திக் கவுன் கிடைத்தது. அவர் ஒரு வருடம் போட்டு, பிறகு நான் இரண்டு வருடம் போட்டது. "எனக்கு மட்டும் எப்பவும் பழசு" என்று அன்று அழுதிருக்கிறேன். இப்போது கையைவிட்டு இறக்க மனமில்லை. முகர்ந்து பார்த்தேன், பாச்சை உருண்டை வாசம்தான் வந்தது. என் மகளுக்கு 9 வயது, அளவு சரியாக இருக்கும். கிழிந்துவிடுமோ என்று பயம். கணவர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறார். மூன்றாவது பித்தான் மட்டும் வேறு. நான் தொலைத்ததற்கு அக்கா சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்தது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி மாற்றிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான் வீட்டில் இரண்டாவது பையன். அண்ணனுக்கு இடதுகைப் பழக்கம். எழுத எழுத, அவன் கை ஈர மையின் மீதே நகர்ந்து போகும். அவன் முழுக்கைச் சட்டைகள் என்னிடம் வரும்போது இடது கைப்பட்டை நைந்து, மைக்கறை ஏறியிருக்கும். நான் வலது கையால் எழுதுகிறவன். ஒரு வருடத்தில் வலது கைப்பட்டையும் நைந்துவிடும். அப்படி ஒரு சட்டை இன்றும் என்னிடம் இருக்கிறது. எந்தப் பக்கம் அவன், எந்தப் பக்கம் நான் என்று தொட்டே சொல்வேன்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் "அக்காவின் கவுன்" என்று படித்ததும் நின்றுவிட்டேன். அது உங்களுடையதும்தான். அவரைவிட அதிக நாள் போட்டவர் நீங்கள். இறந்தவரின் பொருளுக்குக் காவல் இருப்பவர்போல எழுதுகிறீர்கள். உடுத்தியவராக யோசித்துப் பாருங்கள்.

வாசம் போனதற்காக வருந்தாதீர்கள். உடம்பின் வாசம் காற்றில் கலந்துவிடுகிற பொருள்களால் ஆனது. துவைக்கத் துவைக்கப் போய்விடும், மடித்து வைத்தாலும் மெல்லப் போய்விடும். மற்றப் புலன்களின் செய்திகள் மூளையில் ஓர் இடைநிலையத்தைக் கடந்து போகின்றன. மணமோ அதைக் கடக்காமலே நினைவும் உணர்ச்சியும் இயங்கும் பகுதிகளை எட்டிவிடுகிறது. உங்கள் கை தானாக அதை மூக்கருகே கொண்டுபோனதில் வியப்பில்லை.

கண்ணாடிச் சட்டம் வேண்டாம். வெளிச்சம் சாயத்தை வெளுக்கச் செய்வதோடு இழையையும் பலவீனமாக்கும். அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது. பாச்சை உருண்டையையும் எடுத்துவிடுங்கள். கம்பளியையும் பட்டையும் தின்னும் அந்துப்பூச்சியின் புழுவுக்குச் சுத்தமான பருத்தி இரையல்ல. கஞ்சி போட்டு வைத்தால் இராமபாணப் பூச்சி தேடி வரும்.

மகளுக்குக் கொடுங்கள் என்பதே என் எண்ணம். அதற்குமுன் உள்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அக்குளருகே வியர்வை பட்ட இடமும் பல வருடம் மடிந்தே கிடந்த கோடுகளும்தான் முதலில் இற்றுப்போகும். மெலிந்த இடங்களுக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைக்கலாம். பின்னால் பிரிக்க முடிகிற தையலாக இருக்கட்டும், எதையும் வெட்ட வேண்டாம். லேசாக இழுத்தாலே துணி விட்டுக்கொடுக்கிறது என்றால் போடுகிற காலம் முடிந்துவிட்டது. துவைத்த வெள்ளைத் துணியில் தளர்வாகச் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும், அது கூடாது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். "பெரியம்மாவின் நினைவு, பத்திரம்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். நமக்கு அப்படிச் சொல்லியா கொடுத்தார்கள்? ஓடினோம், விழுந்தோம், கறையாக்கினோம். 9 வயதுப் பிள்ளை உங்கள் துக்கத்தையும் சேர்த்து உடுத்த வேண்டாம். அவளுக்குப் பிடிக்கவில்லை என்றால் அன்று நீங்கள் அழுததை நினைத்துக்கொண்டு பேசாமல் திரும்ப வாங்கி வையுங்கள். பிடித்துப்போய் அவளே கேட்டால், அப்போது அக்காவைப் பற்றிச் சொல்லுங்கள்.

பித்தானை மாற்றாதீர்கள். மற்றவை உதிர்ந்தால் எதை வேண்டுமானாலும் தைக்கலாம். மூன்றாவது தளர்ந்தால் மட்டும் சிவப்பு நூலைப் பிரிக்காமல், அதன் மேலேயே இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள்.