எல்.எம்.ஜி.யா, எம்.எம்.ஜி.யா? மெஷின் கன் கேள்வி பதில்

துப்பாக்கிகளைப் பற்றி எப்போது எழுதினாலும் மெஷின் கன் கேள்விகள்தான் அதிகம் வருகின்றன. காலாட்படை கையாளும் எல்.எம்.ஜி. (லைட் மெஷின் கன்), எம்.எம்.ஜி. (மீடியம் மெஷின் கன்) இரண்டையும் பற்றி வந்தவற்றை இங்கே ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் இந்திய ராணுவத்தை வைத்தே பேசுகிறேன், தேவைப்படும் இடத்தில் வெளிநாடு வரும்.

கேள்வி: அண்ணா, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எடை மட்டும்தானா?

எடை இல்லை தம்பி, வேலைதான் வித்தியாசம். எல்.எம்.ஜி. செக்‌ஷனோடு, அதாவது பத்துப் பேர் கொண்ட சிறு குழுவோடு, சேர்ந்து ஓடும், படுக்கும், எழுந்து மறுபடி ஓடும். ஒரே ஆள் தூக்கிப் போய், பைபாடை (முன்னால் உள்ள இரட்டைக் காலை) விரித்து, படுத்த இடத்திலிருந்தே சுடலாம். எம்.எம்.ஜி. ஒரு இடம் பார்த்து முக்காலி போட்டு உட்காரும், அதற்கு இரண்டு மூன்று பேர் வேண்டும், உட்கார்ந்துவிட்டால் தோட்டா இருக்கும்வரை விடாமல் சுடும்.

இந்தப் பிரிவினை முதல் உலகப் போரில் வந்தது. பிரிட்டிஷ் விக்கர்ஸ் துப்பாக்கி, அதன் பேரலைக் குளிர்விக்கச் சுற்றியுள்ள தண்ணீர், முக்காலி எல்லாம் சேர்ந்து சுமார் 40 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு அகழியிலிருந்து ஏறி ஓட முடியாது. 1915இல் விக்கர்ஸ்களை பட்டாலியன்களிடமிருந்து எடுத்துத் தனி மெஷின் கன் படைப்பிரிவிடம் ஒப்படைத்தார்கள், காலாட்படைக்கு அதற்குப் பதிலாக லூயிஸ் கன் வந்தது. லூயிஸ் 12, 13 கிலோதான், மேலே 47 தோட்டா பிடிக்கும் வட்டத் தட்டு. லைட், மீடியம் என்ற பேச்சு நிலைத்தது அங்கிருந்துதான்.

கேள்வி: அப்படியானால் ஒரே துப்பாக்கி இரண்டு வேலையும் செய்யக்கூடாதா?

செய்கிறதே. ஜெர்மானியர்கள் 1930களில் எம்.ஜி.34ஐ அதற்காகவே செய்தார்கள்: பைபாடில் வைத்தால் எல்.எம்.ஜி., முக்காலியில் ஏற்றினால் எம்.எம்.ஜி. இந்திய ராணுவம் எம்.எம்.ஜி. என்று வைத்திருப்பது பெல்ஜியத்தின் எஃப்.என். மாக், 1950களின் வடிவமைப்பு, கான்பூர் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபேக்டரியில் உரிமம் பெற்றுச் செய்கிறார்கள். பிரிட்டிஷார் இதே துப்பாக்கியை ஜி.பி.எம்.ஜி. (எல்லா வேலைக்குமான மெஷின் கன்) என்கிறார்கள். பைபாடில் 800 மீட்டர், முக்காலியில் 1800 மீட்டர் வரை பயனுள்ள வீச்சு என்று அவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: தோட்டா அதேதான், பேரலும் அதேதான். முக்காலி போட்டால் மட்டும் 800 எப்படி சார் 1800 ஆகும்?

நல்ல கேள்வி, விஷயத்தின் மையமே இதுதான். 7.62 மி.மீ. தோட்டா எப்படிச் சுட்டாலும் 1800 மீட்டரைத் தாண்டிப் போகும், அது பிரச்சினை இல்லை. பைபாடில் சுடும்போது துப்பாக்கியின் பின்பக்கம் மனிதத் தோளில் இருக்கிறது. மூச்சு விட்டால் அசையும், ஒவ்வொரு ரவுண்டின் உதைக்கும் தோள் கொஞ்சம் பின்னால் போய் வரும், ஐந்தாறு ரவுண்டு பர்ஸ்ட் முடிவதற்குள் குறி விலகிவிடும். 300 மீட்டரில் அது ஒரு பொருட்டில்லை. 1200 மீட்டரிலோ ஒரு சின்ன அசைவு பல மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடும்.

முக்காலியில் துப்பாக்கி மண்ணோடு கட்டப்பட்ட மாதிரி நிற்கிறது. அப்போது தோட்டாக்கள், குழாயைச் சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் தரையில் நீளமாக விழுவதுபோல, குறுகலாக நீண்ட ஒரு பட்டையில் விழும். மேலும் கீழும் இடமும் வலமும் எவ்வளவு திருப்பினோம் என்பதை அளவாகக் குறித்து வைக்கலாம். பகலில் அந்த ஓடை வளைவு, இந்தப் பாலம் என்று குறித்துவிட்டால், ராத்திரியில், புகையில், மூடுபனியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாதபோதும் அதே அளவுக்குத் திருப்பிச் சுடலாம். பைபாடில் எவ்வளவு கெட்டிக்காரக் கன்னராலும் இது ஆகாது. ஆகவே எம்.எம்.ஜி. வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டு முக்காலியை ஸ்டோரில் விட்டுவிட்டுப் போகிறவர் எடை கூடிய எல்.எம்.ஜி.யைத்தான் சுமக்கிறார்.

கேள்வி: சினிமாவில் ஐந்து நிமிடம் விடாமல் சுடுகிறார்களே, பேரல் என்ன ஆகும்?

கெட்டுப்போகும். மாக்கின் அமெரிக்க வடிவம் எம்240. அதற்கு அவர்கள் சொல்லும் கணக்கு: நிமிடத்துக்கு 100 ரவுண்டு என்று நிதானமாகச் சுட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேரல் மாற்று, 200 ரவுண்டு என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. அதனால்தான் எம்.எம்.ஜி. குழு உபரி பேரலைக் கூடவே தூக்கிப் போகிறது. மாற்றுவது கஷ்டமில்லை. பேரல் கேட்சை அழுத்திக்கொண்டு, பேரலிலேயே இருக்கும் கைப்பிடியைத் திருப்பி முன்னால் இழுத்தால் கழன்று வந்துவிடும். பேரலைத் தொடவே வேண்டாம் என்பதற்குத்தான் அந்தக் கைப்பிடி, சுட்ட சூட்டில் தொட்டால் தோல் உரிந்துவிடும்.

இன்னொன்று: சுடுவதை நிறுத்தியதும் இந்தத் துப்பாக்கிகளில் போல்ட் (தோட்டாவை பேரலுக்குள் தள்ளும் பாகம்) பின்னாலேயே நிற்கும், பேரலுக்குள் தோட்டா இருக்காது, காற்று உள்ளே போய்வரும். கொதிக்கிற பேரலில் தோட்டா உட்கார்ந்திருந்தால் டிரிகரைத் தொடாமலே தானாக வெடித்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

கேள்வி: நம் ராணுவத்தின் இன்சாஸ் எல்.எம்.ஜி. வெறும் இன்சாஸ் ரைஃபிள்தானே, அதற்கு ஏன் எல்.எம்.ஜி. என்று பெயர்?

நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. கனமான பேரல், பைபாட், 30 ரவுண்டு மேகசின், இவைதான் முக்கியமான கூடுதல். ரஷ்யர்களின் ஆர்.பி.கே.யும் இதே வழிதான், ஏ.கே.யை நீட்டிக் கனமாக்கியது. நன்மை என்னவென்றால் ரைஃபிளும் எல்.எம்.ஜி.யும் ஒரே தோட்டாவைச் சாப்பிடும், பயிற்சியும் ஒன்றுதான், எடையும் ஆறு ஏழு கிலோவுக்குள் அடங்கும். ஆனால் தோட்டாக்களை நீளமாகக் கோத்த பெல்ட் கிடையாது, சண்டைக்கு நடுவில் பேரல் மாற்றும் வசதியும் கிடையாது. 30 ரவுண்டு சில நொடிகளில் தீர்ந்துவிடும், கன்னர் மேகசின் மாற்றும் நேரத்தில் எதிரி தலையைத் தூக்குவான். செக்‌ஷன் முன்னேறுவதே எதிரி தலை தூக்காத அந்த நேரத்தை நம்பித்தான். அதனால் என் கணக்கில் அது நல்ல கனரக ரைஃபிள், முழு எல்.எம்.ஜி. இல்லை.

கேள்வி: பிரென் கன்னிலும் 30 ரவுண்டு மேகசின்தானே? அதை மட்டும் ஏன் எல்லோரும் புகழ்கிறார்கள்?

செக் நாட்டு வடிவமைப்பிலிருந்து பிறந்த பிரிட்டிஷ் துப்பாக்கி அது. மேகசின் மேலே நிற்பதால் படுத்திருக்கும்போது தரையில் இடிக்காது, பக்கத்தில் கிடக்கும் இரண்டாவது ஆள் தலையைத் தூக்காமலே சட்டென்று மாற்றிவிடுவார். பேரலும் நொடிகளில் மாறும். வேகம் நிமிடத்துக்கு 500 சொச்சம்தான், அதனால் மேகசின் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், குறியும் சிதறாது. ஆனால் பத்து கிலோ, இன்று அந்த எடையில் பெல்ட் துப்பாக்கியே கிடைக்கிறது.

கேள்வி: ஜெர்மானியர்களின் எம்.ஜி.42 நிமிடத்துக்கு 1200 ரவுண்டு. வேகம் கூடினால் நல்லதுதானே?

தூக்கிப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள். பெல்ட்டில் கோத்த 7.62 தோட்டா 100 என்றால் ஏறக்குறைய 3 கிலோ. 1200 வேகத்தில் அந்த 3 கிலோ ஐந்தே நொடியில் காலி. ஓடும் ஆள் மேல் ஒரு கணம் மட்டும் குறி கிடைக்கும்போது அந்த வேகம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் மலை ஏறும் காலாட்படைக்குத் தோட்டாதான் முதல் கவலை, துப்பாக்கியின் எடை இரண்டாவதுதான்.

கேள்வி: புதிதாக வந்த நெகேவ் எதில் சேரும்?

எல்.எம்.ஜி.யில்தான். 2020 மார்ச்சில் இஸ்ரேலின் ஐ.டபிள்யூ.ஐ.யிடம் 16,479 நெகேவ்களுக்கு சுமார் 880 கோடி ரூபாயில் ஒப்பந்தம் போட்டார்கள். மாக்கின் அதே 7.62 தோட்டா, பெல்ட், மாற்றும் பேரல், எடை மட்டும் 8 கிலோவுக்குள். மாக் 11, 12 கிலோ என்பதை நினைத்துப் பாருங்கள். இது எனக்கு மனதாரப் பிடித்த முடிவு. ஆனால் எடை குறைந்த துப்பாக்கிக்கு உதை அதிகம், நீண்ட நேரம் தூரத்தில் சுட மாக்கும் முக்காலியும் இன்னும் வேண்டும். ரஷ்ய பி.கே.எம். 1969இலேயே ஏழரைக் கிலோவில் இதைச் செய்து காட்டிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: தற்காப்பில் எம்.எம்.ஜி.யை முன் வரிசையில் நடுவில் வைப்பார்களா?

நேராக முன்னால் பார்த்து வைப்பது வீண். முன்பு சொன்ன நீண்ட பட்டை ஞாபகம் இருக்கிறதா, வரிசையாக வரும் எதிரியைப் பக்கவாட்டிலிருந்து சுட்டால் அந்தப் பட்டை வரிசையின் நீளத்தோடு பொருந்திவிடும். அதனால் ஓரத்தில், மறைவாக, குறுக்கே பார்த்து வைப்பார்கள். எல்.எம்.ஜி.க்கள் இடைவெளிகளை அடைக்கும்.

இது எதிரில் வருகிறவனுக்கு எப்படி இருக்கும் என்றால், 1971 டிசம்பரில் பாகிஸ்தானுடனான போரில் கங்காசாகரில் 14 கார்ட்ஸ் படையின் லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்காவின் பரம் வீர் சக்ரா குறிப்பைப் படியுங்கள். முதலில் ஒரு பங்கரிலிருந்து எல்.எம்.ஜி. ஒன்று கம்பெனியை அடிக்கிறது, பாய்ந்து அதை அடக்குகிறார், பலத்த காயம். பிறகு வடக்கு முனையில் ஒரு கட்டடத்தின் மாடியிலிருந்து எம்.எம்.ஜி. சுட ஆரம்பித்து முன்னேற்றத்தையே நிறுத்துகிறது. தவழ்ந்து போய்க் குண்டு வீசியும் அது ஓயவில்லை, சுவரேறி உள்ளே புகுந்துதான் முடித்தார். அந்தக் காயங்களால் உயிரையும் விட்டார்.

கேள்வி: எச்.எம்.ஜி.?

ஹெவி மெஷின் கன், 12.7 மி.மீ. வகை. வாகனத்துக்கும் நிரந்தர நிலைக்கும் உரியது, இந்தப் பேச்சில் சேராது.

கேள்வி: அமெரிக்க மரீன்கள் பெல்ட் எல்.எம்.ஜி.யான எம்249ஐக் குறைத்து மேகசின் போட்ட எம்27 ரைஃபிளைக் கொடுத்தார்களே, எல்.எம்.ஜி. காலம் முடிந்ததா?

அவர்கள் கணக்கு வேறு: குறைவாகச் சுடு, குறி பார்த்துச் சுடு, கன்னர் மற்றவர்களைப் போலவே தெரிந்தால் எதிரி அவனைத் தேடி அடிக்க மாட்டான். ஆனால் அதே நாட்டின் ராணுவம் 2022இல் எம்249க்குப் பதிலாகத் தேர்ந்தெடுத்தது 6.8 மி.மீ. எக்ஸ்.எம்.250, அது பெல்ட் துப்பாக்கி. மரீன்களும் நடுத்தர மெஷின் கன்னை விடவில்லை, எம்240 அவர்களிடம் அப்படியே இருக்கிறது.