சீரியல் பார்க்கும் தளம் ‘பிளேயர்’ இறக்கச் சொல்கிறது. உளவு மென்பொருளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர் சொன்னது இதுதான்: அவருடைய அம்மா தினமும் சீரியல் பார்க்கும் ஓர் அகப்பக்கம் திடீரென்று “உங்கள் பிளேயர் பழையது, புதியதை இறக்குங்கள்” என்கிறது. இறக்கினால் உளவு மென்பொருள் ஏறிவிடுமா, இப்படிப்பட்ட தளங்களை முன்கூட்டியே அடையாளம் காண வழி உண்டா என்று கேட்கிறார்.

இறக்காதீர்கள். அவசரம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நேரம் இருந்தால் மேலே படியுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு கணினிக் கடை வைத்திருக்கிறேன். பழுது பார்ப்பது, போட்டோஸ்டாட், ஃபாரம் நிரப்பிக் கொடுப்பது எல்லாம் கலந்த கடை. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிற ஊர், சுற்றிலும் தோட்டங்கள், அங்கிருந்து சனிக்கிழமை ஆனால் மோட்டார் சைக்கிள் கூடையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு யாராவது வந்துவிடுவார்கள். “அண்ணே, ரொம்ப ஸ்லோவா இருக்கு, என்னன்னு பாருங்க.” பாதி நேரம் தூசுதான் காரணம். மீதிப் பாதியில் பார்த்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாரும் தளத்தின் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். எழுத்துப் பிழை இருக்கிறதா, விளம்பரம் குதிக்கிறதா, மேலே பூட்டுப் படம் இருக்கிறதா என்று. பத்து வருஷத்துக்கு முன்னால் அது ஓரளவு உதவியது. இப்போதெல்லாம் மோசடித் தளம் பளிச்சென்று இருக்கிறது, நிஜமான தளம்தான் பல நேரம் அலங்கோலமாக இருக்கிறது (தினமும் ஃபாரம் நிரப்புகிறவன் சொல்கிறேன், நம்பலாம்). அதனால் நான் முகம் பார்ப்பதை விட்டுவிட்டேன். அது என் கையை என்ன செய்யச் சொல்கிறது என்று பார்க்கிறேன். படிக்க வந்தவனைப் படிக்க விடுகிறதா, இல்லை எதையாவது இறக்கு, அனுமதி கொடு, ஆன்டிவைரஸை அணை, இந்தப் பட்டனை அழுத்து என்று பிரவுசருக்கு வெளியே இழுக்கிறதா? இழுத்தால் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும்.

பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. லாரிக் கதவைப் பூட்டியிருக்கிறார்கள், வழியில் யாரும் கை வைக்க முடியாது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். உள்ளே இருப்பது திருட்டுச் சாமானா என்று பூட்டுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பூட்டைத் தரும் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, மோசடிக்காரனும் வாங்குவான். மக்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் 2023-இல் குரோம் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு குறி வைத்தது.

சரி, உங்கள் பிளேயர் விஷயம். ஒரு காலத்தில் வீடியோ பார்க்க ஃபிளாஷ் என்ற பிளேயர் வேண்டியிருந்தது, அதை அடிக்கடி புதுப்பிக்கவும் வேண்டியிருந்தது, அதனால் அந்த வாசகம் பலர் மனதில் அப்படியே தங்கிவிட்டது. ஃபிளாஷை அடோபியே 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மூடிவிட்டது. இன்றைய குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் எதற்கும் சாதாரண வீடியோ பார்க்கத் தனி பிளேயர் தேவையில்லை. ஆகவே “பிளேயர்”, “கோடெக்” என்று எந்தத் தளமாவது கேட்டால் அது வீடியோவுக்காகக் கேட்கவில்லை.

திருட்டுப் படத் தளங்களில் இன்னொரு வேடிக்கை. பெரிய பச்சைப் பட்டனில் ‘டவுன்லோட்’ என்று நாலு இடத்தில் இருக்கும், நாலும் விளம்பரம். ஒரு பையன் புதுப்படம் இறக்கிவிட்டேன் ஆனால் ஓடவில்லை என்று கொண்டுவந்தான். ஃபைலைப் பார்த்தால் நாலு எம்பி. இரண்டரை மணி நேரப் படம் நாலு எம்பியில் எப்படி வரும், ஒரு வீடியோ பாட்டுக்கே பத்தாதே! பெயருக்குக் கடைசியில் ‘எம்பி4’ என்று இருந்தது, ஆனால் விண்டோஸ் வழக்கமாக ஃபைலின் உண்மையான வாலை மறைத்துவிடும், அதைக் காட்டச் சொன்னதும் ‘எம்பி4’-க்குப் பின்னால் ‘இஎக்ஸ்இ’ எட்டிப் பார்த்தது. உங்கள் கணினியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, ‘வியூ’ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை இன்றே டிக் செய்துவிடுங்கள். அதே ரகம்தான் காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை இலவசமாகத் தரும் தளங்களும். ஜிப் ஃபைலுக்குப் பாஸ்வர்ட் போட்டு, அந்தப் பாஸ்வர்டையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருப்பார்கள். ஏன்? பூட்டிய ஜிப்புக்குள் ஆன்டிவைரஸால் எட்டிப் பார்க்க முடியாது. “ஆன்டிவைரஸ் தப்பாகக் கத்தும், அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள்” என்று வேறு அறிவுரை இருக்கும். நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திற என்கிறவன் எதற்கு வருகிறான்?

இப்போது எனக்கு அதிகம் பயம் தருவது வேறொன்று. படிவம் 5 படிக்கும் ஒரு பெண் எஸ்.பி.எம். தேர்வின் பழைய கேள்வித்தாள் தேடி ஏதோ ஒரு தளத்துக்குப் போயிருக்கிறாள். “நான் ரோபோ இல்லை” என்ற பெட்டி வந்திருக்கிறது, எல்லாத் தளத்திலும் வருவதுதானே என்று அழுத்தியிருக்கிறாள். அடுத்து மூன்று படிகள் வந்தன: விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்து, கண்ட்ரோல் வி அழுத்து, எண்டர் அழுத்து. அழுத்தினாள். கேள்வித்தாளும் வரவில்லை, கணினியிலும் ஒன்றும் நடந்த மாதிரித் தெரியவில்லை. ரெண்டு நாள் கழித்து அவள் இன்ஸ்டகிராமில் யாரோ கிரிப்டோ விற்றுக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது என்னவென்றால், அவள் பெட்டியை டிக் செய்த நொடியிலேயே அந்தத் தளம் ஒரு கட்டளையை அவள் கிளிப்போர்டில் (காப்பி செய்தது பேஸ்ட் செய்யும் வரை தங்கும் இடம்) நகலெடுத்து வைத்துவிட்டது. விண்டோஸ்-ஆர் என்பது கணினிக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் ‘ரன்’ பெட்டி. கண்ட்ரோல் வி அந்தக் கட்டளையை ஒட்டியது, எண்டர் அதை ஓடவிட்டது. கெட்டிக்காரத்தனம் என்னவென்றால் ‘ரன்’ பெட்டி சின்னது, நீளமான கட்டளையின் கடைசிப் பகுதிதான் கண்ணுக்குத் தெரியும், அந்தக் கடைசியில் “நான் ரோபோ இல்லை, சரிபார்ப்பு எண் இன்னது” என்று ஆங்கிலத்தில் எழுதி வைத்திருப்பார்கள். பிரவுசரும் எச்சரிக்காது, ஏனென்றால் பிரவுசர் எதையும் இறக்கவில்லை, நீங்களே உங்கள் கையால் ஓட்டினீர்கள். 2024-இலிருந்து இது பரவலாகிவிட்டது, ‘கிளிக்ஃபிக்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிஜமான ரோபோ சோதனை போக்குவரத்து விளக்கைக் காட்டச் சொல்லும், பேருந்தைக் காட்டச் சொல்லும், எரிச்சல் மூட்டும், ஆனால் ஒருநாளும் பிரவுசரைத் தாண்டி விசைப்பலகையில் இதை அழுத்து என்று சொல்லாது.

நானும் பெரிய உத்தமன் இல்லை. பள்ளி திறக்கும் நேரம், கடை முழுக்கக் கூட்டம், பிரிண்டர் மக்கர் செய்தது. மாடல் எண்ணைப் போட்டு டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) என்று தேடினேன், முதலில் வந்ததை அழுத்தினேன். அது விளம்பரம். பக்கம் அச்சு அசல் பிரிண்டர் கம்பெனியின் பக்கம் மாதிரியே இருந்தது. இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸ் மஞ்சள் நிறத்தில் ஒரு கேள்வி கேட்டது, வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை, தொடரலாமா என்று. தெரிந்த நிறுவனம் கையெழுத்திட்ட ஃபைலாக இருந்தால் அந்தக் கேள்வி நீல நிறத்தில் நிறுவனத்தின் பெயரோடு வரும், இது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் எதிரே ஓர் அம்மா “தம்பி, பஸ் போயிடும்” என்று நின்றுகொண்டிருந்தார், யெஸ் அழுத்திவிட்டேன். அந்த வாரமே கடையின் முகநூல் பக்கம் என் கையை விட்டுப் போனது. தேடல் முடிவில் மேலே வரும் விளம்பரங்களில் போலித் தளங்கள் வருகின்றன என்று அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரிலேயே எச்சரித்து, தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருந்தது. நான் அதற்குப் பிறகுதான் போட்டேன்.

முகவரியைப் படிக்கும் முறையும் சொல்லிவிடுகிறேன், நம் ஊரில் அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை நேரத்தில் இது ரொம்பத் தேவைப்படும். தொடக்கத்தில் இருக்கும் ‘எச்டிடிபிஎஸ்’-ஐயும் அதன் இரட்டைச் சாய்கோட்டையும் விட்டுவிட்டு, அடுத்த சாய்கோடு வரைக்கும் உள்ள பகுதியை எடுத்துக்கொண்டு வலது பக்கத்திலிருந்து படியுங்கள். அரசாங்கத் தளம் என்றால் ‘ஜிஓவி டாட் எம்ஒய்’ என்று முடிய வேண்டும். வருமான வரி வாரியம் என்றால் அதற்கு இடப்பக்கம் ‘ஹாசில்’ இருக்கும். ‘ஹாசில்’, ‘ஜிஓவி’, ‘எம்ஒய்’ எல்லாமே இருக்கும், ஆனால் நடுவில் சின்னக் கோடு போட்டு, கடைசியில் ‘டாட் காம்’ என்றோ ‘டாட் டாப்’ என்றோ முடிந்தால் அது அரசாங்கத் தளமே இல்லை, முன்னால் இருப்பதெல்லாம் வேஷம்.

“உங்கள் கணினியில் 5 வைரஸ்” என்று கத்தி, போன் நம்பர் போடும் பக்கங்களை நம்பி தோட்டத்து அங்கிள் ஒருவர் பாதி வழியில் அந்த நம்பருக்கே போன் செய்துகொண்டு கடைக்குள் வந்தார். ஒரு அகப்பக்கத்தால் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைச் சோதிக்கவே முடியாது, அது வெறும் படம். முழுத்திரையாகி மூட முடியவில்லை என்றால் எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், அதற்கும் அசையாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்கள். “அறிவிப்பு அனுப்ப அனுமதி கொடு” என்று கேட்கும் தளங்களுக்கும் கொடுக்காதீர்கள், அதே பொய் வைரஸ் செய்தி அப்புறம் மூலையிலிருந்து வந்துகொண்டே இருக்கும்.

ஒன்றையும் அழுத்தாமல், போய்ப் பார்த்தாலே ஏறிவிடுமா? ஏறலாம், பிரவுசரில் அடைக்காத ஓட்டை இருந்தால். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், ஃபிளாஷ், ஜாவா காலத்தில் அது சர்வசாதாரணம். இப்போது குறைந்துவிட்டது, பிரவுசரைப் புதுப்பித்து வைத்தால் இன்னும் குறையும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது, செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். நல்ல தளமும் சில நேரம் கவிழும் என்பதையும் சொல்ல வேண்டும்: 2017-இல் சிகிளீனர் என்ற பிரபலமான மென்பொருளின் அசல் தளத்திலேயே நச்சு கலந்த பதிப்பு கிட்டத்தட்ட ஒரு மாதம் இருந்தது, சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் பேர் பயன்படுத்தியிருந்தார்கள். அதை நீங்களும் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள், நானும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

சந்தேகமான சுட்டியை, பல ஆன்டிவைரஸ்களை வைத்து ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஒட்டிப் பார்க்கலாம். சிவப்பு வந்தால் ஓடிவிடுங்கள். பச்சை வந்தால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள், நேற்று முளைத்த தளத்தை யாரும் இன்னும் பிடித்திருக்க மாட்டார்கள். சொந்த ஆவணங்களை அதில் ஏற்றவும் வேண்டாம், ஏற்றுவதைப் பிறர் எடுத்துப் பார்க்க முடியும்.

ஏற்கனவே அழுத்திவிட்டீர்களா? வைஃபையை அணையுங்கள். இந்தத் திருட்டு மென்பொருள்கள் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் குக்கிகளையும் (நீங்கள் ஏற்கனவே உள்ளே நுழைந்தவர் என்று தளத்துக்குக் காட்டும் சின்னக் குறிப்புகள்) சில நொடிகளில் அள்ளிக்கொண்டு போய்விடும், குக்கி கையில் இருந்தால் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம், நீங்கள் உள்ளே இருப்பது போலவே அவனும் உள்ளே இருப்பான். லும்மா என்ற ஒரே ஒரு ரகம் 2025 மார்ச்சிலிருந்து மே வரை இரண்டு மாதத்தில் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அதனால் வேறொரு சுத்தமான கருவியிலிருந்து, கைப்பேசியே போதும், முதலில் மின்னஞ்சல், அப்புறம் மற்றவை என்று கடவுச்சொல்லை மாற்றி, “எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு” என்பதையும் அழுத்துங்கள். வங்கிப் பணம் நகர்ந்திருந்தால் உடனே 997-க்கு அழையுங்கள், தேசிய மோசடி நடவடிக்கை மையம் அது. கணினியை நான் சுத்தம் செய்து கொடுப்பதில்லை, படம், ஆவணங்களை மட்டும் எடுத்துவிட்டு விண்டோஸை அழித்து மறுபடி போடுவேன். “ஸ்கேன் பண்ணா போதாதா அண்ணே” என்று எல்லாரும் முணுமுணுப்பார்கள்.

உங்கள் அம்மாவுக்கு: அந்தத் தளத்தின் புக்மார்க்கை எடுத்துவிடுங்கள், விளம்பரத் தடுப்பான் போடுங்கள், நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுங்கள். முக்கால்வாசி இன்ஸ்டால்களுக்கு அது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும், எல்லாவற்றையும் தடுக்காது, ‘ரன்’ பெட்டி விளையாட்டையும் தடுக்காது, அதை வாயால்தான் சொல்ல வேண்டும். சீரியலைத் தொலைக்காட்சியின் சொந்தச் செயலியிலோ அதன் யூடியூப் பக்கத்திலோ தேடிக் கொடுங்கள். ஒருநாள் தாமதமாக வரும், கோபம் வரும். என் வீட்டில் நான் இதைச் செய்தபோது அம்மா ரெண்டு நாள் எனக்குப் பசியாற எடுத்து வைக்கவில்லை.