எடை அதிகமில்லை, சர்க்கரை எப்படி வந்தது?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி கிடையாது. வயது 41, உயரம் 168 செ.மீ., எடை 66 கிலோ, பேன்ட் அளவு 34. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. வெறும் வயிற்றில் எனக்கு 112 காட்டியது. நான் குண்டு இல்லையே, ஏன்?
– வாசகர், சேலம்

பதில்: உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் கணக்கான பி.எம்.ஐ. உங்களுக்கு 23.4. பொதுக் கணக்கில் 25 வரை சரி என்பார்கள். இந்தியர்களுக்கு 23-லேயே அதிக எடை, 25 என்றால் உடல் பருமன். அதே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிட நமக்குத் தசை குறைவு, கொழுப்பு கூடுதல். அது தோலுக்கடியில் தங்காமல் வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் சேர்ந்து இன்சுலினை வேலை செய்ய விடுவதில்லை. ஈடுகட்ட இன்சுலினை ஓயாமல் சுரந்து கணையம் களைத்துப்போகும்போது சர்க்கரை ஏறுகிறது.

பேன்ட் அளவை நம்பாதீர்கள். அது தொப்பைக்குக் கீழே நிற்பது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, வயிற்றை எக்காமல், மூச்சை விட்டதும் அளங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

சர்க்கரை நோய் வரும் ஆபத்தைக் கணிக்கச் சென்னையில் உருவாக்கிய மதிப்பெண் முறையில் வயதுக்கு 20, அம்மாவுக்காக 10, உடலுழைப்பு இல்லாததற்கு 30. இடுப்புச் சுற்றளவைச் சேர்க்காமலே 60. அதுவே அதிக ஆபத்து.

112 சர்க்கரை நோய் அல்ல, அதற்கு முந்தைய நிலை. 126 தொட்டால்தான் நோய். ஆனால் வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் போதாது. பலரை அது தவறவிடும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்தும் பாருங்கள். 200 அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை எடுப்பதானால் ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவில் அது கூடுதலாகக் காட்டும்.

பட்டறையில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். சாப்பிட்டதும் 15 நிமிட நடை, வாரம் இரு நாள் தசைக்கான பயிற்சி. 2 ஸ்பூன் சர்க்கரையோடு நாளுக்கு 4 டீ என்றால் அதிலேயே 40 கிராம் சர்க்கரை. முதலில் அதை விடுங்கள். ஜவ்வரிசி உப்புமா லேசான உணவு என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். அது முழுக்க மாவுச்சத்து. மாலைத் தட்டுவடை செட்டுக்குப் பதில் சுண்டல் சாப்பிடலாம். 3 கிலோ குறைந்தாலே பலன் தெரியும். எடை பெரிதாக இறங்காவிட்டாலும் விட்டுவிடாதீர்கள்: சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வில், எடை அவ்வளவாகக் குறையாமலே, நடையாலும் உணவு மாற்றத்தாலும் நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது.